எட்டி நிற்க முடியாதவர்கள்: மூக்கண்டப்பள்ளித் தொழிலாளரும் காந்தப்புலமும்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் காலை ஷிஃப்ட் தொடங்குவதற்குச் சற்று முன்பு சிப்காட் சாலையோரம் நின்று பார்த்தால், ஒரே ஆலைக்குள் நுழைவோரின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைகள் பல நேரங்களில் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறம், பயிற்சியாளருக்கு ஒரு நிறம், காண்டிராக்ட் தொழிலாளிக்கு வேறொரு நிறம். உள்ளே சென்ற பின் யார் எந்த இயந்திரத்துக்கு எவ்வளவு அருகில் நிற்பது என்பதையும் அந்த நிறமே பெருமளவு முடிவு செய்கிறது. இக்கட்டுரை அந்த அருகாமையைப் பற்றியது. எந்த ஓர் ஆலையையும் சுட்டி எழுதப்பட்டதன்று. மின்சாரத்தில் ஓடும் எல்லா ஆலைகளுக்கும் பொருந்துவது.

கம்பியில் மின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் உருவாகிறது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதால் அந்தப் புலம் 100 முறை திசை மாறுகிறது. இதைத்தான் தாழ் அதிர்வெண் காந்தப்புலம் என்கிறார்கள். கைபேசிக் கோபுரங்கள் வெளியிடும் ரேடியோ அலைகள் வேறு; அவற்றின் அதிர்வெண் இதைவிடக் கோடி மடங்குக்கும் மேல். கோபுரங்களுக்கு 2012 செப்டம்பரில் இந்திய அரசு விதித்த கடுமையான வரம்பு, பட்டறையில் வெல்டிங் கேபிளைத் தோளில் சுமப்பவருக்கு எந்த வகையிலும் பொருந்தாது. கோபுரத்தைப் பற்றி நகரத்து நடுத்தர வர்க்கம் கேள்வி கேட்டது, விதி வந்தது. கேபிளைப் பற்றிக் கேட்க வேண்டியவருக்கு மறுநாள் வேலை இருக்குமா என்பதே உறுதியில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். உயர் அழுத்தக் கம்பிக்குக் கீழே கையில் பிடித்த குழல்விளக்கு தானாக ஒளிரும் படங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். 2018 டிசம்பரில் மேற்கு மாவட்ட விவசாயிகள் உயர்மின் கோபுரங்களுக்கு எதிராகப் போராடிய காலத்திலும் இந்தப் பேச்சு பரவலாக இருந்தது. அந்த விளக்கை ஒளிரச் செய்வது மின்புலம். அது மின்னழுத்தத்தைப் பொறுத்தது; சுவரும் மரமும் அதைப் பெரிதும் தடுத்துவிடும். காந்தப்புலமோ பாயும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. சுவர், கூரை, மனித உடல் எதுவும் அதைத் தடுப்பதில்லை. அதைக் குறைக்கும் எளிய வழி ஒன்றுதான்: தூரம்.

இந்தச் சொல்லில் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. தூரம் என்பது சாதிச் சமூகம் நம் மீது சுமத்திய தண்டனை. கிணற்றிலிருந்து, கோயிலிலிருந்து, தெருவிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து சொன்ன சமூகம் இது. ஆலைக்குள் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. விலகி நிற்பதே அங்கே சலுகை. மேற்பார்வையாளரின் கண்ணாடி அறை, கட்டுப்பாட்டுப் பலகை, கணினி மேசை எல்லாம் எட்டி இருக்கின்றன. எந்திரத்தின் தொடை மீது உட்கார்ந்ததுபோல் வேலை செய்பவர் கிராமத்துச் சேரியிலிருந்து, அல்லது பீகாரின், ஒடிசாவின் ஏதோ ஓர் ஊரிலிருந்து காண்டிராக்டர் வழியாக வந்தவராக இருக்கக் கூடும்.

எண்களுக்கு வருவோம். காந்தப்புலத்தை மைக்ரோ டெஸ்லா என்ற அலகில் அளக்கிறார்கள். அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1996இல் தொழிலாளர்களுக்காக ஓர் எளிய பட்டியலை வெளியிட்டது. ஒரு வேலை நாளின் சராசரியாக, கணினி இல்லாத எழுத்தருக்கு 0.05 மைக்ரோ டெஸ்லா. கணினியில் வேலை செய்பவருக்கு 0.12, லேத் போன்ற இயந்திரங்களை இயக்குபவருக்கு 0.19, மின்கம்பித் தொழிலாளிக்கு 0.25; எலக்ட்ரீஷியனுக்கு 0.54, வெல்டருக்கு 0.82. வேலை முடிந்து வீட்டிலும் கடையிலும் பயணத்திலும் இருக்கும் நேரத்தில் 0.09. எழுத்தருக்கும் வெல்டருக்கும் இடையே பதினாறு மடங்கு வேறுபாடு. ஒரே வெல்டிங் தொழிலுக்குள்ளேயே 0.17இலிருந்து 9.6 வரை வேறுபாடு இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். தொழிலின் பெயரை மட்டும் வைத்து ஒருவர் பெறும் அளவைச் சொல்லிவிட முடியாது. அவர் எங்கே, எப்படி நிற்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வேறுபாடு? இயற்பியல் மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்புச் சூத்திரத்தை நினைவுபடுத்திக்கொள்ளலாம். நீண்ட நேர்கம்பி ஒன்றில் 200 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால், ஒரு மீட்டர் தள்ளி 40 மைக்ரோ டெஸ்லா புலம் இருக்கும். அதே கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு, உடலின் உட்பகுதி 5 செண்டிமீட்டர் தொலைவில் இருந்தால் அது 800. வெல்டிங் பட்டறைகளில் ஹோல்டர் கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு வேலை செய்வது அன்றாடக் காட்சி. கேபிள் கனமானது, உயரத்தில் வேலை, பிடித்துக்கொள்ள உதவியாள் இல்லை என்றால் வேறு என்ன செய்வார்? அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 1998இல் 50 அதிர்வெண்ணுக்குத் தொழிலாளருக்கு வைத்த அளவு 500 மைக்ரோ டெஸ்லா, பொதுமக்களுக்கு 100. 2010இல் இவற்றை முறையே 1000, 200 என உயர்த்தியது. ஆக, நாள் சராசரியில் ஒன்றுக்கும் குறைவாகத் தெரியும் வெல்டரின் தோள்பட்டை, வேலை நடக்கும் அந்த நிமிடங்களில் பழைய வரம்பைத் தாண்டிப் புதிய வரம்பை நெருங்கி நிற்க முடியும். சராசரி என்ற சொல் எவ்வளவு விஷயங்களைப் போர்த்தி வைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஏசி மின்சாரத்தில் ஓடும் வெல்டிங்குக்குத்தான் இந்தக் கணக்கு நேராகப் பொருந்தும். டிசி வெல்டிங்கில் பெரும்பகுதி நிலையான புலம், அலைவு குறைவு.

ஸ்பாட் வெல்டிங் இன்னும் தீவிரமானது. வாகன உடற்பகுதித் தகடுகளை ஒட்டவைக்கும் அந்தத் துப்பாக்கியில் பல ஆயிரம் ஆம்பியர், சில வேளை பத்தாயிரம் வரை, ஒரு நொடியின் சிறு பகுதிக்குப் பாய்கிறது. ரோபோ செய்யும் இடத்தில் மனிதர் வேலிக்கு வெளியே நிற்கிறார். கையால் பிடித்துச் செய்யும் சிறு துணை ஆலைகளில் அந்தத் துப்பாக்கி வயிற்றுக்கு நேராக வருகிறது. பெரிய ஆலையின் பாதுகாப்பு விருதும், அதற்கு உதிரிபாகம் தரும் பட்டறையின் அவலமும் ஒரே வண்டியில் சேர்ந்து வெளியே போகின்றன. தண்டுகளையும் பற்சக்கரங்களையும் கடினமாக்கும் இண்டக்ஷன் சுருள், உலோகம் உருக்கும் இண்டக்ஷன் உலை, வேலை முடிந்த பாகத்தின் காந்தத்தன்மையை நீக்கும் சுருள் ஆகியவையும் இந்த வரிசையில் சேர்பவை. அவற்றில் பல 50க்கும் மேற்பட்ட அதிர்வெண்ணில் ஓடுவதால் அவற்றுக்கான அளவுகோல்கள் தனி.

தையல் இயந்திரத்தை யாரும் அபாயப் பட்டியலில் நினைப்பதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் அதிகாலையில் வேன் ஏறி, எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கத்து ஆயத்த ஆடை ஆலைகளுக்குப் போகிறார்கள். பழைய வகை ஆலைத் தையல் இயந்திரத்தில் மேசைக்கு அடியில், முழங்காலுக்கும் மடிக்கும் அருகில், கிளட்ச் மோட்டார் இருக்கும். தைக்காத நேரத்திலும் அது சுழன்றுகொண்டே இருக்கும். 1995இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திலும் பின்லாந்திலும் நோயாளிகளின் தொழில் வரலாற்றைப் பார்த்த சோபெல் குழுவினர், ஆல்சைமர் நோய் கண்டவர்களிடையே இத்தகைய புலத்துக்கு ஆளான தொழில்கள் அதிகம் என்றும், அவர்களுள் தையல் தொழிலாளர்களே பெரும்பாலானோர் என்றும் எழுதினர். பின்வந்த ஆய்வுகள் ஒன்றுபோல் இதை உறுதி செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2007இல் எல்லாவற்றையும் தொகுத்து, ஆல்சைமர் பற்றிய சான்று போதாது என்றது. அந்த முடிவை நாம் மதிக்கிறோம். ஆனால் மின்துறை ஆண்களைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆராய்ச்சித் துறை, தையல்காரப் பெண்ணின் மடியில்தான் வலுவான புலம் இருக்கிறது என்று கண்டுகொள்ளவே அவ்வளவு காலமாயிற்று என்பதும் உண்மை. இப்போது சர்வோ மோட்டார் பொருத்தப்படுகிறது. அது தைக்கும்போது மட்டும் ஓடும். முதலாளி அதை வாங்குவது மின்கட்டணத்துக்காக. பலன் தொழிலாளிக்கும் கிடைக்கிறது.

நோய் பற்றி அறிவியல் சொல்வது என்ன

இங்கே நாம் மிகையும் மழுப்பலும் இல்லாமல் பேச வேண்டும். மிக வலுவான புலம் நரம்புகளைத் தூண்டும், கண்ணில் ஒளிப்பொறி தோன்றச் செய்யும். இது நிறுவப்பட்டது, பன்னாட்டு வரம்புகள் இதைத் தடுக்கவே வகுக்கப்பட்டன. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு அதைவிடக் குறைந்த புலமே ஆபத்தாகலாம். நீண்ட கால நோய்கள் பற்றிய வரலாறு 1979இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் டென்வர் நகரில் நான்சி வெர்தைமரும் எட் லீப்பரும் மின்கம்பிகளுக்கு அருகில் வாழ்ந்த குழந்தைகளிடையே புற்றுநோய் இறப்பு அதிகம் என்று எழுதினர். 2000இல் ஆல்போம் குழு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, வீட்டின் சராசரிப் புலம் 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேல் உள்ள குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் ஏறத்தாழ இரு மடங்கு எனத் தெரிந்தது. அத்தகைய வீடுகள் மிகச் சிலவே. காரணம் புலம்தானா என்பதும் உறுதியாகவில்லை. இதன் அடிப்படையில்தான் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் இப்புலத்தை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. ஆசிய மரபு ஊறுகாய்க் காய்கறிகளும் அதே பிரிவில் இருக்கின்றன என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை.

தொழிலாளர் பற்றிய ஆய்வுகள் இன்னும் முரண்பட்டவை. கனடா, பிரான்சு மின்நிறுவனங்களில் தெரியோ குழு 1994இல் செய்த ஆய்வு ஒருவகை ரத்தப் புற்றுநோயுடன் தொடர்பு கண்டது. அமெரிக்காவின் ஐந்து மின்நிறுவனங்களில் சாவிட்சும் லூமிசும் 1995இல் வெளியிட்ட ஆய்வு அந்தத் தொடர்பைக் காணவில்லை. மூளைப் புற்றுநோயுடன் ஒன்றைக் கண்டது. கலிபோர்னியாவில் 1993இல் வெளியான ஆய்வு எதையும் காணவில்லை. மூன்றும் பெரிய மின்நிறுவனங்களின் பணிப்பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்டவை. பதிவேடு உள்ளவரைத்தான் அப்படி ஆராய முடியும். இருபது ஆண்டு ஒரே நிறுவனத்தில் இருந்தவருக்குப் பதிவேடு உண்டு. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை காண்டிராக்டர் பெயர் மாறும் தொழிலாளிக்கு எந்தப் பதிவேடு? நாற்பது வயதில் ஊர் திரும்பி அறுபதில் நோயுறும் ஒருவரை எந்த ஆலையின் கணக்கில் எழுதுவார்கள்? ‘சான்று போதாது’ என்ற சொற்றொடரை நாம் அறிவியலின் அடக்கமாக ஏற்கிறோம். அதை ‘ஆபத்து இல்லை’ என்று நிர்வாகம் மொழிபெயர்ப்பதை ஏற்க முடியாது.

அதேபோல், தெரியாத ஆபத்தைப் பற்றிய பேச்சு தெரிந்த ஆபத்தை மறைத்துவிடக் கூடாது. நாம் தொழிலாளர்களிடையே பேசும்போது இதையே முதலில் சொல்ல வேண்டும். வெல்டரைச் சூழும் காந்தப்புலம் 2பி என்றால், அவர் மூச்சில் இழுக்கும் வெல்டிங் புகையை அதே முகமை 2017இல் உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. வெல்டிங்கின் புற ஊதாக் கதிரும் அதே பிரிவில். பேட்டரி வேலையில் ஈயம் ரத்தத்தில் ஏறுவது நிறுவப்பட்ட தீங்கு. மின்கம்பத்தில் ஏறும் காண்டிராக்ட் உதவியாளரைக் கொல்வது மின்தாக்குதல். அவருக்குத் தேவை கையுறையும், ஏறும் முன் மின்சாரம் நிறுத்தப்பட்டதற்கான உறுதியும். புகை உறிஞ்சி இல்லாத பட்டறையில் காந்தப்புல மீட்டர் கேட்டுப் போராடுவது முன்னுரிமையைத் தவறவிடுவதாகும். இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம்.

நேரமும் ஓர் அளவுதான்

நீண்ட காலச் சராசரி என்பது புலத்தின் வலிமையையும் அதில் கழித்த நேரத்தையும் பொறுத்தது. வேலை நேரம் பற்றிய சட்டம் இதனால் இந்தக் கட்டுரைக்குள் வருகிறது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவரது பொறுப்பில் இருந்தது என்பதை நம் மாணவர்கள் பலர் அறிவதில்லை. மின் வளர்ச்சியைத் திட்டமிடும் மத்திய தொழில்நுட்ப மின்சார வாரியம் 1944இல் அவர் காலத்தில் அமைந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைத்த திருத்தம் 1946இல் வந்தது. மின்சாரம் பெருக வேண்டும், அதன் அருகே நிற்பவரின் நேரம் குறைய வேண்டும் என்ற இரண்டும் ஒரே மேசையில் இருந்தன.

2023இல் இந்த எல்லைப் பகுதி அதன் எதிர்த்திசையைப் பார்த்தது. கர்நாடகம் வாரம் 48 மணி நேரத்துக்குள் ஒரு நாளில் 12 மணி வரை வேலை வாங்க அனுமதிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு ஏப்ரலில் நிறைவேறிய இதுபோன்ற மசோதா எதிர்ப்பின் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டது. மூக்கண்டப்பள்ளியில் வாடகை அறையில் தூங்கி, சில கிலோமீட்டர் தள்ளி அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகும் ஒருவருக்கு இரவில் ஒரு சட்டம், பகலில் ஒரு சட்டம்.

இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், 1948, காற்றில் கலக்கும் வேதிப்பொருள்களுக்கும் தூசிக்கும் அனுமதி அளவுகளை இரண்டாம் அட்டவணையில் கொடுத்தது. காந்தப்புலம் அதில் இல்லை. அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் மூன்றாம் அட்டவணையில் எக்ஸ்ரே உண்டு, இது இல்லை. ஆனால் 1987 திருத்தம் சேர்த்த 111ஏ பிரிவு, தம் உடல்நலம் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இதன் இடத்தைப் பிடித்துள்ளது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே ஆலை என்றிருந்ததை அது 20 ஆக உயர்த்தியது. கையால் ஸ்பாட் வெல்டிங் செய்யும் பதினைந்து பேர் பட்டறை இப்போது எங்கே நிற்கிறது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு நெறிமுறை, காந்தப்புல மதிப்பீட்டை முதலாளியின் கடமையாக்கியது. கர்ப்பிணிகளையும் உடலுக்குள் கருவி பொருத்தியவர்களையும் தனிக் கவனத்துக்குரியவர்கள் என்றது. ஓசூரில் செய்யப்பட்ட பாகம் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும்போது அந்த நெறிமுறை அதோடு இங்கே வருவதில்லை.

வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். லைன் வீடுகளின் சுவரை ஒட்டி மின்மாற்றி நிற்பதைப் பார்த்து அஞ்சுவோர் உண்டு. மின்மாற்றியின் புலம் சில மீட்டரிலேயே வேகமாகச் சரிகிறது. அரை அடியில் 7 மைக்ரோ டெஸ்லா காட்டும் மிக்ஸி, ஒரு அடியில் 1 காட்டும். அமெரிக்க அளவீடுகளின்படி 230 கிலோவோல்ட் கம்பிக்கு நேர் கீழே சராசரியாக 5.75, 100 அடி தள்ளி 0.71, 200 அடியில் 0.18. கம்பிக்கு நேர் கீழே குடிசை போட நேர்ந்தவர் யார் என்பது மின்பொறியியல் கேள்வி அன்று.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கைபேசியில் காந்தமானிச் செயலியைத் திறந்தால் 40 என்று காட்டும். பதறி அதைப் படம் பிடித்துப் பகிர வேண்டாம். அது பூமியின் நிலையான காந்தப்புலம், உங்கள் தாத்தாவையும் சூழ்ந்திருந்தது. நொடிக்கு 50 முறை அலையும் புலத்தை அந்தச் செயலி நம்பும்படி அளக்காது. அதற்கு மூன்று அச்சில் அளக்கும் தனி மீட்டர் வேண்டும். புலத்தை உறிஞ்சும் ஸ்டிக்கர் என்று விற்கப்படுபவை வெறும் காகிதம்.

செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியவை உண்டு. ஹோல்டர் கேபிளையும் எர்த் கேபிளையும் அருகருகே சேர்த்துக் கட்டினால் எதிரெதிராகப் பாயும் மின்னோட்டங்களின் புலங்கள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும். கேபிளை உடலில் சுற்றக் கூடாது. இரண்டு கேபிளுக்கும் நடுவில் உடல் இருக்கக் கூடாது. எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். வெல்டிங் இயந்திரத்தின் மீது சாய்ந்தோ உட்கார்ந்தோ வேலை செய்யக் கூடாது. கேபிளைத் தாங்க ஒரு கொக்கியோ ஸ்டாண்டோ போதும். இண்டக்ஷன் சுருளின் பொத்தானை இரண்டு கை தூரம் தள்ளி வைப்பது ஒரு எலக்ட்ரீஷியனின் அரை நாள் வேலை. கர்ப்பிணித் தொழிலாளிக்குக் கூலி குறையாமல் வேறு மேசை தரலாம்.

அளவீடு நடக்கும் ஆலைகளில் அது எப்படி நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆய்வாளர் வருவதாகத் தெரிந்த பகலில், பாதி இயந்திரங்கள் நிறுத்தப்பட்டு, மீட்டர் நடைபாதையில் பிடிக்கப்பட்டால் அந்த எண் யாருக்கும் பயன்படாது. முழுச் சுமை ஓடும் இரவு ஷிஃப்டில், காண்டிராக்ட் தொழிலாளி நிற்கும் இடத்தில், அவரது தலை, மார்பு, இடுப்பு உயரங்களில், வெல்டிங் நடக்கும் நொடியில் எடுத்த உச்ச அளவும் நாள் சராசரியும் வேண்டும். அந்தத் தாள் தமிழிலும் இந்தியிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்; ஒரு நகல், காண்டிராக்டர் மாறினாலும் தொழிலாளியோடு போகும்படி அவர் கையில் தரப்பட வேண்டும்.